முகமதிப்பு

காலையில் சான் இசித்ரோ.
கூழாங்கல் பாவிய தெருவில்
காருக்குப் பல் கிட்டித்தது.
"இங்கே வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது" என்றான் தரகன் ஃபப்ரிசியோ.
"தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்."
எங்களுக்குத் தெரியவில்லை.
இரண்டு முறை சுற்றினோம்.

எதெல்வினா அம்மையார் தாமே கதவைத் திறந்தார்.
முழங்கையில் கிழிந்த காஷ்மீர் ஸ்வெட்டர்,
கிழிசலை மறைக்காத தோரணை.
கூடத்துச் சுவரில் வெளுக்காத நீள்சதுரங்கள்.
படங்களை விற்றிருந்தார்.
ஆணிகளை விற்கவில்லை.

"எந்தப் பக்கம் நீங்கள்?"
"கில்மெஸ்" என்றேன்.
"ஓ, தெற்கே" என்றார்,
வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று
நான் சொன்னதுபோல.

அதற்குள் நசரேனோ
சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான்.
குழாய் விற்றுப் பணம் பண்ணியவன்,
எந்த வீட்டையும் அடியிலிருந்துதான் படிப்பான்.
"ஈயம்" என்றது அவன் குரல். "அத்தனையும் ஈயம்.
நாலு தலைமுறை இதில் தண்ணீர் குடித்திருக்கிறது."
அம்மையார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் ஆற்றுமுகத்துப் பக்கம்,
மதில் சூழ்ந்த லாஸ் தோத்தோராஸ்.
காவலாளி பெயர் கேட்கவில்லை.
அடையாள எண். வண்டி எண். டிக்கியைத் திறங்கள்.
எட்டு வருஷம் முன்பு சதுப்பு,
இப்போது ஏரி, அதற்கொரு வரைபடம்,
வரைபடத்தில் போட்ட மரம் போட்ட இடத்தில்.

பக்கத்து வீட்டுக்காரர் கைகுலுக்கிய சூட்டோடு சொன்னார்:
படகு என்ன விலை,
தரைக்கல் என்ன விலை,
புதுப் பல்வரிசை என்ன விலை.
எனக்கு அவரைப் பிடித்துப்போனது.
விலை சொல்கிறவரோடு பேசலாம்,
குறைக்கச் சொல்லியாவது.

நசரேனோ குழாயைத் திறந்தான்.
குதித்து வந்தது தண்ணீர், சட்டையெல்லாம்.
பிறகு விரல்முட்டியால் சுவரைத் தட்டினான்.
காலி அட்டைப்பெட்டி
"யாரது?" என்றது.

புல்தரையில் கார்ப்பிஞ்சோக்கள்,
ஆட்டுக்கிடா அளவு எலிகள், ஏழெட்டு.
ஃபப்ரிசியோ கை தட்டினான்.
பராமரிப்புக் கட்டணம் கட்டாத அவை அசையவில்லை.
பெரியது ஒன்று என்னைத் திரும்பிப் பார்த்தது.
காலையில் பார்த்த அதே பார்வை.
எந்தப் பக்கம் நீங்கள்?

திரும்பும் வழியெல்லாம் சண்டை.
அற்பனுக்கு வாழ்வு வந்தால்
அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம்.
பிடித்திருக்கிறோம்.
முதல் பட்டறையின் தகரக் கூரை பறந்த இரவில்,
நானும் அவனும், விடிய விடிய,
இயந்திரத்துக்கு.
மழை பெய்தது.

பழைய வீட்டை முடிவு செய்தது யார் என்று கேட்டால்
அவன் என்னைக் காட்டுவான், நான் அவனை.
குழாயை மாற்றிவிடலாம் என்றான் ஒருவேளை.
சுவரை மாற்ற முடியாது என்றேனோ என்னவோ.

வங்கியின் பின்னறையில் டாலர் எண்ணினோம்.
எண்ணும் இயந்திரம் இருமி இருமி நின்றது.
அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
ஒரு கட்டைத் தனியே தள்ளினார்.
"சின்ன முகம். வேண்டாம்.
பெரிய முகம் போட்ட புதுத்தாள்தான் செல்லும்."
எங்கள் முதல் சேமிப்பு அது,
இருபுறமும் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாயில்
வருஷக்கணக்காய்ச் சுருண்டு கிடந்தது.
அதே நூறுதான். அச்சிட்ட முகம் மட்டும் சிறியது.

"இவை பழையவை" என்றார் மறுபடியும், பொறுமையாக.
"ஆமாம், பழைய பணம்" என்றான் நசரேனோ,
முகத்தில் ஒரு கோடு அசையாமல்.
வேறு கட்டு கொடுத்தோம்.

ஈயத்தையெல்லாம் பிடுங்கி எறிய ஏழு வாரம் ஆனது.
சின்ன முகங்கள் மறுபடி அதே குழாய்க்குள்.
அதைக் கூடத்து ஆணி ஒன்றில் மாட்டியிருக்கிறான்,
வெளுக்காத நீள்சதுரத்தின் நடுவில்.

வருகிறவர்கள் எட்டி நின்று பார்க்கிறார்கள்,
தலையைச் சாய்த்துக் கிட்டே வந்து பார்க்கிறார்கள்.
சிற்பம் அருமை, எந்தக் காலத்தியது,
எங்கே பிடித்தீர்கள் என்கிறார்கள்.

தெற்கே, என்கிறேன்.